நாலாக மடித்த சீட்டு

எதிர்வீட்டுக்காரன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து மூன்றாவது தடவை.

மாடியிலிருந்து நான் வேடிக்கை பார்க்கவில்லை. துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அரை மணி நேரமாக, ஒரே துண்டு.

புறா எச்சம். துடைக்கத் துடைக்க விழுந்தது.

எங்கள் குடியிருப்பில் ஆறு வீடு, ஆறு கார். ஐந்து காருக்குக் கூரை உண்டு. ஆறாவது இடம் வெட்டவெளி. மேலே சன்ஷேடு முழுக்கப் புறாக்கள்.

சித்திரையில் சீட்டுக் குலுக்கினோம். எனக்கு ஒன்றாம் இடம், லிப்டுக்குப் பக்கத்தில். அவனுக்கு ஆறு.

சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டான். வாரத்துக்கு ஒரு தடவை துடைத்தான். தேவலையே என்றுகூட நினைத்தேன்.

போன வாரம் லிப்டில் அவனைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"செக்ரட்டரி எடுத்த சீட்டு மட்டும் நாலா மடிச்சிருந்துச்சே. கவனிக்கலையா தம்பி?"

அவ்வளவுதான் கேட்டேன்.

அன்றைக்கே புறாக்கள் அவன் கண்ணில் பட்டன. அதுவரை எங்கே இருந்தனவோ.

செக்ரட்டரி கோதண்டம் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குரூப்பில் நீள நீளமாக ஆடியோ போட்டான். சோறு இறங்கவில்லையாம். வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாம் என்கிறானாம். அவன் பெண்டாட்டி என்னிடம்தான் வந்து அழுதாள்.

கோதண்டத்தின் சீட்டு நாலாக மடித்திருந்தது நிஜம்.

ஆறு சீட்டும் அப்படித்தான் மடித்திருந்தன. அதை அவன் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி குலுக்கல். கோதண்டம் ஒதுங்கிக்கொண்டார். சீட்டு எழுதப் பொதுவான ஆள் வேண்டுமாம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

சாம்பார் வாளியில் போட்டுக் கொடுத்தேன். அவனே வாங்கிக் குலுக்கினான். முதலில் கையை விட்டதும் அவன்தான்.

ஆறு.



சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

"இப்ப சரிக்கா. என் கையால எடுத்தது."

திங்கட்கிழமை அவன் காரைத் துடைக்கவே இல்லை. கண்ணாடியில் வெள்ளைக் கோடுகளோடு விசிலடித்தபடி கிளம்பிப் போனான்.

நானும் ஒன்றாம் இடத்திலிருந்து எங்கள் வண்டியை எடுத்தேன்.

ஆமாம், மறுபடியும் ஒன்றுதான். கடைசியாக வாளிக்குள் கையை விட்டவள் நான்.

வாளியில் ஒன்றும் இல்லை.

நாலாக மடித்த ஒரு சீட்டு மட்டும் அன்று காலையிலிருந்தே என் உள்ளங்கை வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.