மூன்றாவது வளைவு

மலைச்சரிவில் கார் நூற்றுப்பத்து வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் பேய் பிடித்ததுபோல் வெட்டித் திரும்பியதில் மெக்கானிக்கின் கட்டைவிரல் பிசகி, நகம் பிய்ந்து, ரத்தம் முழங்கை வரை வழிந்தது. மூன்றாவது வளைவு. அதற்கப்பால் வெறும் பள்ளம். "ஐயோ!" என்று அலறி, இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தார்.

டயர் கிறீச்சிட, சீட் அவரை முன்னால் தூக்கிப் போட்டது. தடுப்புக் கம்பிக்கு ஒரு சாண் இருக்கும்போது கார் நின்றது.

"எந்திரிக்காதீங்க. பெல்ட் பின்னாடி பூட்டியிருக்கு" என்றது ஒரு குரல்.

விளக்கு எரிந்தது. மலையும் இல்லை, பள்ளமும் இல்லை. மூன்று பெரிய திரைகள், இரும்புச் சட்டத்தில் ஒரு சீட், பட்டப்பகலில் ஷட்டர் இறக்கிய ஒரு கடை.

கார் ரேஸ் விளையாட்டுக்கு ஸ்டியரிங், பெடல் எல்லாம் செய்து விற்கும் கடைக்காரன், "சீட் சட்டம் ஆடுதுண்ணே, கொஞ்சம் வெல்டிங் வச்சுக் குடுங்க" என்று தேனாகப் பேசியபோதே சுதாரித்திருக்க வேண்டும். உட்கார்ந்து பார்க்கச் சொன்னான், மனுஷனும் உட்கார்ந்தார். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

கடைக்காரனின் அக்கா மூன்று மாதத்துக்கு முன்னால் இதே வளைவில்தான் காரோடு உருண்டு எரிந்து போனாள். முந்தின நாள் அந்தக் காருக்கு ஸ்டியரிங் வேலை பார்த்தவர் இந்த மெக்கானிக். கருகிய வண்டியில் எது கழன்றது, எது அறுந்தது என்று போலீசாலும் சொல்ல முடியவில்லை. ஆனால் அக்காவின் புருஷன் சொல்லிவிட்டார்: மெக்கானிக் சரியாக முடுக்கவில்லை, ஸ்டியரிங் கழன்றுவிட்டது. ஊர் வாய் அதையே பிடித்துக்கொண்டது.

"தம்பி, என் புள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன், நல்லா முடுக்கித்தான் குடுத்தேன்! பிரேக்கையும் சேர்த்துப் பார்த்தேன், கல்லு மாதிரி நின்னுச்சு!"

"அதான் வளைவு வந்ததும் பிரேக் மேல ஏறி நின்னீங்களா?"

அந்தப் பயத்திலும் மெக்கானிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பின்ன? சாகப்போறவன் அதை மிதிக்காம பாட்டா பாடுவான்?"

பிரேக் எவ்வளவு அழுந்தியது என்று காட்டும் சிவப்புக் கோடு திரையின் மூலையில் உச்சியைத் தொட்டு நின்றது. கடைக்காரன் அதை உற்றுப் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் அழித்து, காரை மறுபடி மலை உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினான்.

ஷட்டர் தடதடத்தது.

"அத்தான் வந்துட்டார்" என்றவன், கழுத்தில் கத்தியை வைத்து மெக்கானிக்கை இறக்கி, மேஜைக் காலோடு கட்டி, வாயில் அகல டேப்பை ஒட்டினான். ஒருத்தனிடமிருந்து தப்புவதே பெரும்பாடு, இதில் இன்னொருத்தனா!

அக்காவின் புருஷன் கையில் ஸ்பேனரோடுதான் வந்தார். முதல் அடி முழங்காலில், அடுத்தது விலாவில். உள்ளே எலும்பு முறிந்தது மெக்கானிக்குக் கேட்டது. கத்தத்தான் வழியில்லை.

"என் பொண்டாட்டியக் கொன்னுட்டியேடா பாவி! ஒத்துக்கிட்டானா?"

"இல்ல அத்தான். நல்லாத்தான் முடுக்கினேன்னு சாதிக்கறான்."

"அப்புறம் என்ன பேச்சு? பொழுது சாயறதுக்குள்ள அதே பள்ளத்துல தள்ளிடுவோம்."

"தள்ளலாம். அதுக்கு முன்னாடி அக்கா எப்படிச் செத்தான்னு இவன் கண்ணால பார்க்கணும். நீங்க ஓட்டிக் காட்டுங்க. அன்னிக்குக் காலையில அவ கார் எப்படி இருந்துச்சோ, அச்சு அசலா அப்படியே செஞ்சு வச்சிருக்கேன்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அத்தான் ஒரு கணம் தயங்கினார். பிறகு மெக்கானிக்கை முறைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டிப் பின்னால் பூட்டிய கடைக்காரன், "இது எதுக்கு மடியில?" என்று ஸ்பேனரை வாங்கிக்கொண்டான்.

கார் இறங்கியது. முதல் வளைவில் ஸ்டியரிங் உதறியதுமே அத்தானுக்குக் குப்பென்று வேர்த்தது. சட்டம் குலுங்க, எதிரே வைத்த ஃபேன் காற்று முகத்தில் அறைய, இது கடைக்குள் நடக்கும் விளையாட்டு என்பதே மனிதருக்கு மறந்துபோயிற்று. கியரை நாலு, மூணு, ரெண்டு என்று அடித்து இறக்கினார். மலைச்சுவரில் காரை உரசிப் பார்த்தார். ஹேண்ட்பிரேக்கைப் பிடுங்கி இழுத்தார். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கார் குறுக்கே சறுக்கியது, தடுப்புக் கம்பி நொறுங்கியது, கார் பள்ளத்தில் உருண்டது. ஸ்டியரிங் ஒரு சுற்று சுற்றி அவர் மணிக்கட்டை முறுக்கிப் போட்டது.

"பார்த்தியாடா?" மூச்சிரைக்க மெக்கானிக்கைப் பார்த்துக் கத்தினார். "இப்படித்தான்டா செத்தா!"

கடைக்காரன் திரையின் மூலையைப் பார்த்தான். சிவப்புக் கோடு அசையாமல் அடியிலேயே கிடந்தது.

அவன் நேராக மெக்கானிக்கிடம் வந்து டேப்பை உரித்தான், கட்டை அறுத்தான். "மன்னிச்சிடுங்கண்ணே" என்றான்.

பிறகு ஸ்பேனரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சீட் பக்கம் திரும்பினான்.

"பிரேக்கை ஏன் அத்தான் மிதிக்கவே இல்ல?"