ரெத்தினம் பிடித்து வைத்த தண்ணீர்

பட்டுக்கோட்டையில் ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடம். சாயங்கால வெயில் பியூரெட் குழாயில் ஏறி நிற்கிறது. மதிவதனி மஞ்சள் நீர்க் குடுவையைச் சுழற்றியபடி வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். எதிரே செவ்வந்தி. அவள் கொண்டுவந்த பாட்டிலில் தேதி எழுதி ஒட்டியிருப்பது கணவர் ரெத்தினம். வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்த மறுநாளே மாரடைப்பில் போய்விட்டார். "சிங்கப்பூர்லேருந்து வந்தவரு, மொத வாய்லயே உப்புன்னாரு. அந்த ஊருத் தண்ணி உங்க நாக்கக் கெடுத்துடுச்சுன்னு சிரிச்சேன். மூணு மாசத் தண்ணி, சரியாக் காட்டுமாம்மா?"

"உப்பு எங்கயும் போயிடாதுக்கா. சீக்கிரம் செவந்தா நல்ல தண்ணி. இழுத்துக்கிட்டே போனா உப்பு."

சொட்டு விழும் இடத்தில் சிவப்பு தலைகாட்டுகிறது. சுழற்றியதும் மஞ்சளுக்குள் மறைந்துவிடுகிறது. "செவந்துடும்ல?" செவ்வந்தியின் விரல்கள் மேசை விளிம்பை இறுகப் பற்றுகின்றன. குழாய் காலியாகிறது. மதிவதனி மறுபடி நிரப்புகிறாள். அதிலும் பாதி இறங்கிய பிறகுதான் குடுவை முழுவதும் செங்கல் நிறம் பரவி, போகாமல் நிற்கிறது. மதிவதனி அளவைக் குறித்துக்கொள்கிறாள். செவ்வந்தி தன் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் நாற்காலியின் பக்கம் திரும்புகிறாள்.

"உப்புத்தாங்க," என்கிறாள் மெதுவாக.