துடைப்பத்துக்கு முன்னால் ஒருத்தி

"ஏம்மா, நீ ஓட வந்தியா, கல்லு பார்க்க வந்தியா?"

ஏவால்ட் சத்தம் போட்டார். முன்னால் போன பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாதையோரம் மண்ணுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த ரோமானியக் கால்வாயின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அங்கிருந்த பலகையை எழுத்து விடாமல் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஓடின தண்ணி கொலோன் நகரம் வரைக்கும் போச்சாமே, துடைப்பக்காரரே!"

"அது எப்பவோ போய்ச் சேர்ந்துடுச்சு. நாம எப்பப் போறது?"

துடைப்பக்காரர் என்று அவள் சொன்னதில் தப்பில்லை. கொலோனுக்குப் பக்கத்து ஐஃபெல் மலைக்காட்டில் வருஷா வருஷம் நடக்கும் ஓட்டத்தில் எல்லாருக்கும் பின்னால் ஒருவர் முதுகில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு வருவார். ஒருவரும் வழி தவறாமல், எங்கும் விழுந்து கிடக்காமல் கூட்டிப் பெருக்கிக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் பொறுப்பு. பத்தொன்பது வருஷமாக அந்தத் துடைப்பம் ஏவால்டின் முதுகில்தான். கடைசி ஆளை அவர் முந்தவும் கூடாது, கண்ணுக்கு மறைய விட்டுப் பின்தங்கவும் கூடாது.

இந்த வருஷம் அவர் தூக்கத்தைக் கெடுத்தது அந்த இரண்டாவது விதிதான். மார்ச் மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவருக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்து, "நடக்கலாம், மேட்டில் மட்டும் ஓடிவிடாதீர்கள்" என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

ஓட்டச் சங்கத் தலைவர் கீடோவும் காலையில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். "கடைசி ஆளு வந்து சேர்ந்தும் நீ வரலைன்னா, அடுத்த வருஷம் துடைப்பம் வேற ஆளுக்குத்தான், ஏவால்ட். கோவிச்சுக்காத."

வீட்டிலோ மனைவி ரோஸ்வித்தா, "சாகணும்னா வீட்லயே சாகு, காட்டுல வேண்டாம்" என்று மூன்று நாள் மல்லுக்கு நின்றாள். நாலாம் நாள் வாயை மூடிக்கொண்டாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று ஏவால்ட் தன் பிடிவாதத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

அந்த நிலைமையில் கடைசி ஆளாக இந்த மைக்கே வந்து வாய்த்தது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதைதான். பக்கத்து ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவளாம். நாற்பது வயதுகூட இருக்காது, ஆனால் நூறு அடி ஓடினால் இருநூறு அடி நடந்தாள். ஷூவுக்குள் கல் என்றாள், தண்ணீர்த் தாகம் என்றாள், ரோமானியன் வைத்த ஒரு செங்கல்லைக்கூட விசாரிக்காமல் விடவில்லை. ஏவால்ட் வாயால் விரட்டினாரே தவிர, அவள் நின்றபோதெல்லாம் அவர் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

மேட்டுக் கோயிலில் மூன்று அன்னையர் கற்சிலையாக உட்கார்ந்திருந்தார்கள், மடியில் பழக்கூடையோடு. ரோமானியர்கள் போய் எத்தனையோ காலமாகியும் அந்த அன்னையருக்கு யாராவது ஏதாவது வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். மைக்கே இடுப்புப் பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து நடுத் தாயின் காலடியில் வைத்தாள்.

"என்ன வேண்டிக்கிட்ட?"

"நல்லபடியா ஊரு போய்ச் சேரணும்னுதான்."

"நீ வேண்டிக்கிட்டே நில்லு. ரெண்டு மணிக்கு முடிவுக் கோட்டுல எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டுப் போயிடுவாங்க."

கடைசி ஏற்றம் வந்தது. வளைந்து போவதெல்லாம் ரோமானியர்களுக்குப் பிடிக்காது. அவர்கள் போட்ட பாதை மலையை நேராகப் பிளந்துகொண்டு மேலே போயிற்று. ஏவால்ட் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று இருபது. நேரமாகிவிட்டதே என்று இவள் இங்கே ஓட ஆரம்பித்துவிட்டால்? கூட ஓடினால் நெஞ்சு தாங்காது. ஓடாவிட்டால் துடைப்பம் போய்விடும்.

"ஐயோ, கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு!"

மைக்கே அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டாள். ஏவால்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"என்னம்மா நீ, இங்க வந்து இப்படி உட்கார்ந்துட்டியே!" என்றார், சிரிப்பு வந்துவிடாமல்.

"ஓட முடியாது. மெதுவா நடக்கிறேன். உங்க கையைக் கொஞ்சம் குடுங்க."

அவர் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு எழுந்தாள். பிடித்த பிடியை விடாமலே ஏறினாள். பாவம், நான் இல்லாவிட்டால் இந்தப் பெண் காட்டிலேயே கிடந்திருப்பாள் என்று நினைத்தபோது ஏவால்டுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அடுத்த வருஷமாவது ஒழுங்கா பயிற்சி எடுத்துட்டு வாம்மா. மலை ஓட்டம்னா விளையாட்டில்ல."

"சரிங்க. கத்துக்கிறேன்."

முடிவுக் கோட்டைத் தொட்டபோது மணி ஒன்று ஐம்பத்து மூன்று. அவள் ஓர் அடி முன்னால், துடைப்பம் ஓர் அடி பின்னால்.

"கடைசி ஆளும் வந்தாச்சு, துடைப்பமும் வந்தாச்சு! அடுத்த வருஷமும் நம்ம ஏவால்ட்தான்!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார் கீடோ. கூட்டம் கைதட்டியது. ஏவால்டுக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சும் தப்பித்தது, துடைப்பமும் தப்பித்தது!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரோஸ்வித்தா ஓடி வந்தாள். ஏவால்ட் இரண்டு கைகளையும் விரித்தார். அவளோ அவரைத் தாண்டிப் போய் மைக்கேயின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கயாவது மூச்சு வாங்கினாரா, டாக்டர்?"

"எங்க வாங்க விட்டேன்? ஒவ்வொரு தடவையும் அதுக்கு முன்னாடியே நான் நின்னுட்டேனே!" என்றாள் மைக்கே.