ஏழு மணி அழைப்பு

மாலை ஏழு மணிக்குத் தயாமணி கைபேசியைக் கொண்டுவந்து பாயின் நடுவில் வைத்துவிட்டு முழங்காலிட்டாள். மகள் கெசியா அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா இறந்து ஒரு மாதமாகிறது. காலையில்தான் நினைவு ஆராதனை முடிந்திருந்தது. நூற்பாலையின் பொது மேலாளராக இருந்தும் குடும்ப ஜெபத்தை ஒருநாளும் விடாதவர் என்று ஆயர் சொன்னபோது கோயிலே தலையசைத்தது. வாசலில் ஒரு பெண் அம்மாவின் கையைப் பிடித்து, "நீங்க கொடுத்து வச்சவங்க" என்றாள்.

பொய் இல்லை. ஆலையிலோ சபைக் கமிட்டியிலோ பார்வையற்றோர் பள்ளியிலோ, எங்கே இருந்தாலும் அப்பா ஏழு மணிக்கு வீட்டுக்கு அழைப்பார். அம்மாவும் கெசியாவும் கைபேசியைச் சுற்றி முழங்காலிட்டுக் கண்களை மூடிக்கொள்வார்கள். கை நசுங்கிய தொழிலாளி, வேலை கிடைக்காத பட்டதாரி, விதவைகள் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி மன்றாடுவார். கடைசியாக, "எங்க வீட்டையும் பாத்துக்கொள்ளும் ஆண்டவரே." ஆமென் சொல்வதற்குள் அங்கே யாராவது அவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"அம்மா, இனி யாரு கூப்பிடப் போறா?"

"வாயாடாம முட்டுப் போடுட்டி."

கெசியா பக்கத்தில் முழங்காலிட்டுக் கண்ணை மூடினாள். கைபேசியின் திரை அணைந்தது. இருவருக்கும் ஜெபம் வரவில்லை. அம்மாவின் தோள் தன்மேல் சாய்ந்ததும் கெசியா கண்ணைத் திறந்தாள். அம்மா இன்னும் கண்களை இறுக மூடியிருந்தாள்.

"அப்பா சத்தம் அப்படியே கேக்குது. முகம்தான் வர மாட்டேங்குது. ஹால்ல மாட்டின படம் வருது, அவரு வரல. உனக்கு வராராட்டி?"