கில்பர்ட்டின் முடி

மலேசியாவின் சபா மாநில எல்லைச் சண்டையில் குண்டு பட்டு இறந்த கில்பர்ட்டுக்கு, ரெங்கம் ஊரிலிருந்த வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தில் முடி வளர்ந்துகொண்டிருந்தது. இப்போது சீருடைக் காலரைத் தாண்டிவிட்டது. தாய் சூசையம்மாளுக்கு இதில் ஆச்சரியமில்லை. அப்பாவும் பள்ளிக்கூடமும் ராணுவமும் மாறி மாறி ஒட்ட வெட்டிய தலை அது.

விஷயம் கேள்விப்பட்டு ராணுவ முகாமிலிருந்து வேறு படத்தோடு வந்த சார்ஜன் ஜீவன், முடியின் நீளத்தைப் பார்த்துத் திகைத்தான்.

"அலமாக்! ஆன்ட்டி, நாளைக்கு மேஜர் வராரு. இந்த முடியைப் பார்த்தா என்னைத்தான் திடல சுத்தி ஓடவிடுவாரு. படத்த மாத்திடலாம் லா."

"உயிரத்தான் குடுத்துட்டானே, முடியும் வேணுமா உங்களுக்கு? மேஜரையே ஓடச் சொல்லு, போ!"

ஜீவன் படத்துக்கு சல்யூட் அடித்துவிட்டுக் கிளம்பினான்.

சூசையம்மாள் எண்ணெயோடு நாற்காலியில் ஏறி, கண்ணாடிக்கு வெளியே தொங்கியதைச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.