இரண்டு அங்குலம்

"முதல்ல இந்த வண்டிக்குப் போடுங்க, வெர்ன். மத்ததெல்லாம் அப்புறம்."

ஷானா இப்படிச் சொன்னபோது மொன்டானாவின் அந்தச் சின்ன ஊர் டயர் கடை வாசலில் ஐந்து வண்டிகள் வரிசையில் நின்றன. மான் வேட்டை தொடங்க இன்னும் இரண்டே நாள்.

கடைக்காரர் வெர்ன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். குட்டியான ஹைபிரிட் பிக்கப். பின்தொட்டியில் முரட்டுப் பல் வைத்த நான்கு டயர்கள். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்துகிற கிட், பெட்டி பிரிக்காமல். உள்ளே குழந்தை சீட்டில் எட்டு மாத ஐடா இருமிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

ஓசிக் காபிக்காகக் கடைக்குள் கூடியிருந்த கூட்டம் சிரித்தது. பெரிய சிரிப்பு கர்ட்டுடையது. ஷானா வீட்டைத் தாண்டி, அதே மண் ரோட்டின் கோடியில் பண்ணை வைத்திருப்பவர். அவருடைய பெரிய டீசல் வண்டிதான் அப்போது கடையின் ஒரே ஜாக்கி மேல் ஏறியிருந்தது.

"பூனைக்குட்டிக்கு எதுக்கு பொண்ணே பூட்ஸு? அதை வித்துட்டு வண்டின்னு சொல்ற மாதிரி ஒண்ணு வாங்கு."

வெர்னுக்கும் உள்ளுக்குள் அதே நினைப்புத்தான். புருஷன் எண்ணெய்க் கிணற்றில் மூன்று வாரம் சேர்ந்தாற்போல் மாடாய் உழைக்கிறான். இவள் வண்டிக்குச் சிங்காரம் பண்ணக் கிளம்பிவிட்டாள்.

"இதைப் போட்டா மைலேஜ் அடி வாங்கும். அடியில ஆரஞ்சு கலர்ல ஹை வோல்டேஜ் வயர் ஓடுது பாரு, தவறித் தொட்டா ஆள் காலி. வேட்டை சீசன் முடியட்டும், வா."

"நாளைக்கு மத்தியானம் பனிப்புயல்னு சொல்லியிருக்கான். இன்னிக்கே வேணும்."

"முடியாதுங்கறேனே."

"அப்ப ஸ்பேனரைக் குடுங்க. நானே படுத்துப் போட்டுக்கறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. கோட்டைக் கழற்றிச் சிமென்ட் தரையில் விரித்தும் விட்டாள்.

வெர்ன் இறங்கி வந்தார். "அப்படி என்னம்மா தலைபோற அவசரம்?"

"எங்க ரோட்டுல கரண்ட் போனா மூணு நாள் வராது. ராத்திரி பூரா ஓட வேண்டிய மூச்சு மெஷின் ஒண்ணு அங்க இருக்கு. இந்த வண்டிக்குப் பின்னாடி பிளக் பாயின்ட் இருக்கு. நின்ன இடத்துலயே விடிய விடிய கரண்ட் குடுக்கும். பேட்டரி இறங்கினா இஞ்சின் தானா ஓடி ஏத்திக்கும். ஆனா போன பனியில மெஷின்கிட்ட போய்ச் சேர முடியலை. சேத்துத் தடத்துல வண்டியோட அடிவயிறு தட்டிப் பாதியிலயே நின்னுட்டேன். ரெண்டு அங்குலம், வெர்ன். அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கலை."

ஐடா மறுபடி இருமினாள். காபிக் கூட்டம் கப்புக்குள் எதையோ தேடியது.

கர்ட் மட்டும் விடவில்லை. "ஜெனரேட்டர் வாங்க வேண்டியதுதானே?"

"அந்தக் குளிர்ல அதோட கயிறைப் பிடிச்சு இழுக்கத் தெம்பு வேணுமே, கர்ட்."

"அப்ப டவுனுக்குக் குடி வரணும்! மெஷினை வெச்சு மூச்சு விடறவங்களுக்கு அந்தப் பொட்டல்ல என்ன வேலை? தானும் கஷ்டப்பட்டு, ஊரையும் கஷ்டப்படுத்திக்கிட்டு!"



ஷானா அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். "எங்க ரோட்டுக்காரங்க யார் சொல்லிக் கேட்டிருக்காங்க? பிடிவாதம் பிடிச்ச கூட்டம்," என்றாள்.

வெர்ன் போய் ஜாக்கியின் பட்டனை அமுக்கினார். கர்ட்டின் டீசல் வண்டி மெல்லத் தரையிறங்கியது.

"யோவ், என் வண்டி?"

"நாளைக்குக் காலையில வா."

"முப்பது வருஷப் பழக்கம்யா நமக்குள்ள!"

"அந்தத் தைரியத்துலதான் இறக்கறேன்."

கர்ட் கதவை அறைந்து சாத்திவிட்டு எதிர்க் கடைக்குச் சாப்பிடப் போனார். கூட்டமும் பின்னாலேயே நழுவியது.

நாலு மணி நேர வேலை. முன்பக்க ஸ்பிரிங்கின் ஒரு போல்ட் அசையவே மறுத்தது. ஷானா நீளக் கம்பியை மாட்டித் தன் மொத்த கனத்தையும் அதன் மேல் போட்டாள். கை முட்டித் தோல் உரிந்தது, போல்ட்டும் கழன்றது. ஆரஞ்சு வயர் பக்கம் அவளை அண்டவிடாமல் வெர்ன் தாமே பார்த்துக்கொண்டார். புது டயர் திரும்பும்போது மட்கார்டில் உரசியது. உரசிய பிளாஸ்டிக்கைச் சீவி எறிந்தார். கடைசியில் சக்கரங்களை நேர் பார்த்து, வண்டிக்கு அடியில் ஒரு பழைய பெயின்ட் டப்பாவை நிறுத்தி, அதன் மேலாக வண்டியை மெதுவாக உருட்டச் சொன்னார்.

டப்பா அசையவில்லை.

"அம்மாடி," என்று ஷானா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தாள்.

வெர்ன் உள்ளே போய்த் தடித்த வயர்ச் சுருள் ஒன்றைத் தூக்கி வந்தார். காலையில் நினைத்ததெல்லாம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

"எந்தக் குளிருக்கும் விறைக்காத வயர். பாப்பாவுக்கு என் சார்புல இருக்கட்டும். வண்டி நிக்கற இடத்துலேருந்து தொட்டில் வரைக்கும் எத்தனை அடி வெட்டட்டும்?"

"தொட்டில் வரைக்குமா? ஐடாவுக்கு வெறும் சளிதான் வெர்ன்."

"அப்ப மெஷின் யாருக்கு?"

ஷானா எதிர்க் கடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வெளியில மூச்சு விட்டுடாதீங்க. ஊருக்குத் தெரிஞ்சா மெஷினையே தூக்கிக் குப்பையில போட்டுடுவார்னு அவர் சம்சாரம் போன்ல ஒரே அழுகை. எழுபது அடி வெட்டுங்க. அவங்களே அளந்து சொன்ன கணக்கு, கொட்டகை வாசல்லேருந்து கர்ட்டோட கட்டில் வரைக்கும்."