பெய்ஜிங் ஓவியன்

சீனாவின் இளம் ஓவியர்களைக் கைதூக்கிவிடவே தான் பிறந்ததாகத் தேவநேசன் முழங்கினார். நகரின் கியாக்டடா பகுதியில் அவர் நடத்தும் கேலரியில் அன்று திறப்பு விழா. பெய்ஜிங்கிலிருந்து வந்த ஓவியன் ஷென் பக்கத்தில் கைகட்டி நின்றான். இருவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் தமிழ்மணி.

பேசி முடித்தவர் அவள் காதருகே தமிழில் முணுமுணுத்தார். "படமா இது? கோழி கிளறின குப்பை. பெய்ஜிங்னு சொன்னா எதையும் வாங்கிட்டுப் போவானுங்க. நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லும்மா."

"உங்களைப் போல ஒரு மேதையைக் கண்டதில்லையாம்" என்று ஷென்னிடம் சீனத்தில் சொன்னாள்.

ஷென் புன்னகை மாறாமல் சீனத்திலேயே பதில் சொன்னான். "சுவருக்கும் படத்துக்கும் வித்தியாசம் தெரியாத முட்டாள்."

"என்னம்மா சொல்றான்?"

"உங்க ரசனைக்குத் தலை வணங்குறாராம் சார்."

தேவநேசன் நெகிழ்ந்துபோய் அவனைக் கட்டிக்கொண்டார். கூட்டம் கைதட்டியது.

விழா முடிந்து, ஷென்னை வழியனுப்ப வாசலில் டாக்சிக் கதவைத் திறந்துவிட்டாள்.

"பொய்யை அழகாச் சொல்றீங்கக்கா" என்றான் அவன், தமிழில்.

அவள் விக்கித்துப்போனாள். "உங்களுக்கு எப்படித் தமிழ்?"

"இதே ஊர்ல, பசுந்தாங் பக்கம் பொறந்து வளந்தவன். அக்கம்பக்கமெல்லாம் தமிழாளுங்கதான். பெய்ஜிங்கை நான் கண்ணால கண்டதில்ல. போன வருஷம் இதே படங்களோட இவர்கிட்ட வந்தேன். உள்ளூர்க்காரனுக்கு இங்க என்ன வேலைன்னு தொரத்திட்டாரு. அப்புறம் பெய்ஜிங்னு போட்டு மெயில் அனுப்புனேன்."

"நேர்ல பாத்தவருக்கு அடையாளம் தெரியலையா?"

"அன்னிக்கு அவரு என் மூஞ்சியை நிமிந்தே பாக்கலக்கா."